ஆரல்வாய்மொழியில ரயில் ஏன் நிக்காம போகுது? கணவாய், சானல், தண்டவாளம் – ஒரு ஊர் உருவான வழி

2024ல நாகர்கோவில் வரைக்கும் ரெண்டாவது தண்டவாளம் போட்டு முடிச்சாச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 31ஆம் தேதி சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்தும் ஓட ஆரம்பிச்சாச்சு, அது திருநெல்வேலியை விட்டா அடுத்து நாகர்கோவில்ல தான் நிக்கும், நடுவுல, கன்னியாகுமரி மாவட்டத்து கிழக்கு ஓரத்துல இருக்கிற ஆரல்வாய்மொழியை அப்படியே தாண்டிப் போயிடும். வந்தே பாரத் மட்டும் இல்ல, பல எக்ஸ்பிரஸ் வண்டியும் அப்படித்தான். டபுள் லைன் வந்தா நம்ம ஊருக்கு வண்டி வரும்னு தானே சொன்னாவ, லைன் வந்த பிறகும் ஏன் நிக்கலன்னு தோவாளை தாலுகா பக்கம் நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு, அது நியாயமான குழப்பம் தான்.

இதுக்கு பதில் ரயில்வே டைம் டேபிள்ல மட்டும் கிடைக்காது, ஊரோட வரலாற்றுலயும் இருக்கு. விழுப்புரம், ஜோலார்பேட்டை, அரக்கோணம் மாதிரி ஊர்கள் ஜங்ஷனைச் சுத்தி பெருசாச்சு. ஆரல்வாய்மொழி அப்படி இல்ல. இங்க முதல்ல கணவாய், பிறகு ரோடு, பிறகு சானல் தண்ணி, கடைசியா தான் ரயில். ரயில் வந்த காலமும் சாதாரண காலம் இல்ல, லாரி ஏற்கனவே எல்லா சரக்கையும் கையில எடுத்துட்ட காலம். இந்த வரிசையைப் புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் புரியும்.

கணவாய்னா என்ன, இங்க ஏன் எல்லாமே இது வழியாப் போகுது

மேற்குத் தொடர்ச்சி மலை தெக்க கன்னியாகுமரி கிட்ட வந்து முடியுற இடத்துல மலை நடுவுல ஒரு தாழ்வான வாசல் இருக்கு. அதுதான் ஆரல்வாய்மொழி கணவாய், பழைய ஆங்கிலேய ரெக்கார்டுல ஆரம்போலின்னு எழுதியிருப்பாங்க. கிழக்க திருநெல்வேலிச் சீமையோட வறண்ட தரை, மேற்க நாஞ்சில் நாட்டு வயக்காடு. இந்தப் பக்கம் நின்னு பாத்தா ஒண்ணு, அந்தப் பக்கம் நின்னு பாத்தா வேற ஒண்ணு, நடுவுல சில கிலோமீட்டர் தான்.

மலையில ஏறி இறங்காம ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போகணும்னா இது தான் வாட்டமான இடம். அதனால தான் ரோடு, தண்டவாளம், காத்து மூணும் இதே வாசல் வழியாப் போகுது. தென்மேற்குப் பருவக்காத்து அகலமா அடிச்சுட்டு வந்து இந்த இடுக்குல நெருக்கிப் பாயும்போது வேகம் கூடிடும், முப்பந்தல் சுத்துவட்டாரத்துல காத்தாடிங்க, அதாவது கரண்டு எடுக்கிற காற்றாலைங்க, இவ்வளவு நெருக்கமா நிக்கிறதுக்கு காரணம் இது தான். ரயிலுக்கும் அதே கணக்கு. லாரி மாதிரி செங்குத்தா ஏற ரயிலால முடியாது, இரும்பு மேல இரும்பு ஓடுறதால பிடிமானம் கம்மி, நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏத்தம் இருந்தாலே ரயிலுக்கு அது பெரிய ஏத்தம். அதனால எப்பவும் தாழ்வான இடத்தைத் தேடித்தான் தண்டவாளம் போகும்.

வாசல்னு ஒண்ணு இருந்தா காவலும் இருக்கும். திருவிதாங்கூர் ராஜ்யத்தோட கிழக்கு எல்லை இது, கணவாயில இருந்து கடல் வரைக்கும் கோட்டை வரிசை கட்டியிருந்தாங்க. 1809 பிப்ரவரியில வேலுத்தம்பி தளவாய் கிளர்ச்சி பண்ணினப்போ கிழக்கிந்திய கம்பெனி படை இந்த ஆரல்வாய்மொழி கோட்டை வரிசையைப் பிடிச்சுத் தான் உள்ள நுழைஞ்சது. அதுக்கும் முன்ன, 1752 ஜனவரி 14ல தேவசகாயம் பிள்ளையை இங்க காற்றாடிமலையில வச்சுத் தான் சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15ல அவரை வாட்டிகன் புனிதரா அறிவிச்சது. அவரு கதை தெரிஞ்சவங்க காற்றாடிமலைன்னா பக்திக்கு உரிய இடம்னு மட்டும் நினைப்பாங்க, அது அந்தக் காலத்துல ராஜ்யத்தோட ஓரம், தண்டனைக்கு ஆளைக் கொண்டு போற ஓரம்ங்கிறதையும் சேத்துப் பாக்கணும்.

ஓரத்துல இருக்கிற ஊருக்கு ஒரு தலையெழுத்து உண்டு. ஆளுங்க அது வழியாப் போவாங்க, அங்க தங்க மாட்டாங்க. அடுத்து வர்ற ரயில் கதையிலயும் இது தான் திரும்பத் திரும்ப வரும்.

விவசாய ஊர் ஆக்கினது தண்ணி

நாஞ்சில் நாடுன்னா தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகாவும் சேந்தது. மேற்க கல்குளம், விளவங்கோடு பக்கம் பெய்யுற அளவு மழை இங்க கிடையாது, அதனால மேற்க விழுற மழையை கிழக்க கொண்டு வர்ற வேலை ரொம்ப காலமா நடந்திருக்கு. பெரிய அளவுல அது முழுசா வடிவம் எடுத்தது பேச்சிப்பாறை அணையோட. 1897ல ஆரம்பிச்சு 1906ல முடிச்சாங்க, மூலம் திருநாள் மகாராஜா காலம், இன்ஜினியர் மின்சின். அணையோட முழுக் கொள்ளளவு மட்டம் 48 அடி. பிறகு 1950கள்ல பெருஞ்சாணி அணையும் சேந்துச்சு, அது 77 அடி. இந்த மொத்த அமைப்புக்கும் கோதையாறு பாசனத் திட்டம்னு பேரு.

இந்த அமைப்புல இருந்து மலையடிவாரத்தை ஒட்டி கிழக்க வர்றது தான் தோவாளை சானல். சானல்னா மத்த ஊர்ல வாய்க்கால், கால்வாய்னு சொல்றது தான், இங்க எல்லாரும் சானல்னு தான் சொல்லுவாங்க. அணை திறந்தா தண்ணி மொதல்ல மேல்பகுதி வயலுக்குப் பாஞ்சு, குளங்களை நிறைச்சு, கடைசியா தான் கடைமடைக்கு வரும். ஆரல்வாய்மொழி பக்கம் கடைமடை மாதிரி. மேல சானல்ல ஒரு உடைப்பு வந்தா, தூர் வாராம விட்டா, முதல்ல அடி வாங்குறது இந்தப் பக்கம் தான். தோவாளை சானல்ல இருந்து பிரியுற ராதாபுரம் கால்வாய் இன்னும் கிழக்க போயி திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவுல 52 குளத்துக்குத் தண்ணி கொடுக்குது, அதனால ஒவ்வொரு வருஷமும் கடைமடைத் தண்ணிக்காக ரெண்டு மாவட்டத்து விவசாயிங்களும் ஒரே அணையோட மட்டத்தைத் தான் பாத்துட்டு இருப்பாங்க.

ரெண்டு பூ சாகுபடி, பூன்னா இங்க நெல்லு போகம். கன்னிப்பூ, கும்பப்பூ. பேருக்கு அர்த்தம் கேட்டா இப்போ உள்ள பிள்ளைகளுக்குத் தெரியல, அது கொல்லம் ஆண்டு மாசக் கணக்கு, கன்னின்னா நம்ம புரட்டாசி, கும்பம்னா மாசி, அந்தந்த மாசத்து அறுப்பை வச்சு வந்த பேரு. திருவிதாங்கூரோட நெற்களஞ்சியம்னு நாஞ்சில் நாட்டைச் சொன்னதுக்கு இந்த ரெண்டு பூவும் தான் காரணம். கணவாய் வாசல் பக்கம் போகப் போக தரை காய்ஞ்சுடும், அங்க நெல்லை விட தென்னையும் வாழையும் பூவும் சரியா வரும். ஆரல்வாய்மொழி, குமாரபுரம், மாதவலாயம் பக்கம் பிச்சியும் மல்லியும். அதை வச்சுத் தான் பக்கத்துல தோவாளை பூச்சந்தை.

குளத்து மண்ணு நல்லா இருந்ததால செங்கல் சூளைகளும் வந்துச்சு, கூட்டுறவு நூற்பாலை வந்துச்சு, பிறகு காத்தாடி வந்துச்சு. இதுல எதுவுமே ரயிலை நம்பி வரல, இதைக் கவனிக்கணும்.

நூறு வருஷத்துக்கு மேல ரயில் ஏன் வரல

திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876. ஆரல்வாய்மொழிக்கு வந்தது 1981. நடுவுல உள்ள தூரம் சுமார் 60 கிலோமீட்டர், ஆன காலம் 105 வருஷம். இவ்வளவு தாழ்வான கணவாய் இருந்தும் ஏன் வரலன்னா, காரணம் மலை இல்ல, எல்லையும் அரசியலும் தான்.

1. எல்லை. கணவாய்க்கு கிழக்க பிரிட்டிஷ் இந்தியாவோட மெட்ராஸ் மாகாணம், மேற்க திருவிதாங்கூர் சமஸ்தானம். ரயில் போடணும்னா மெட்ராஸ் அரசு, திருவிதாங்கூர் அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூணும் சேந்து ஒத்துக்கணும், பணம் போடணும்.

2. அப்படி மூணும் சேந்து பணம் போட்டது வேற ஒரு கணவாய்க்கு. செங்கோட்டை – கொல்லம் பாதை, 1904ல திறந்தாங்க. கொல்லம் துறைமுகத்தையும் மலைத் தோட்டங்களையும் மெட்ராஸோட இணைக்கிறது தான் அன்னைக்கு வியாபாரம் கேட்ட வழி. அந்தப் பாதைக்கு சுரங்கம் எல்லாம் குடைஞ்சாங்க, ஆனா நாஞ்சில் நாட்டுக்கு சமதரையில போட்டிருக்கக் கூடிய லைன் அப்படியே நின்னுடுச்சு. நாஞ்சில் நாட்டு நெல்லு திருவிதாங்கூருக்குள்ளயே தின்னு தீருற சரக்கு, ஏற்றுமதிச் சரக்கு இல்ல, அதனால அதுக்காக ரயில் போடணும்னு யாருக்கும் அவசரம் இல்லன்னு தான் எனக்குத் தோணுது.

3. மேற்க கொல்லத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு 1918ல ரயில் வந்துச்சு, 1931ல இப்போ உள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் நீட்டினாங்க, அங்கேயே நின்னுடுச்சு. தலைநகரைத் தாண்டி தெக்க வர்றதுக்கு இன்னொரு 48 வருஷம் ஆச்சு.

4. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சேந்து கன்னியாகுமரி மாவட்டமா மெட்ராஸ் மாநிலத்தோட சேந்துச்சு. நேசமணி தலைமையில நடந்த அந்தப் போராட்டத்துல உயிர் கொடுத்தவங்க இருக்காங்க. மாநிலம் மாறினப்போ ரயிலே இல்லாத மாவட்டமாத் தான் வந்துச்சு. கிழக்க திருநெல்வேலியோட முடியுது, மேற்க திருவனந்தபுரத்தோட முடியுது, நடுவுல இருக்கிற இடைவெளி முழுக்க நம்ம மாவட்டம்.

இந்த நூறு வருஷ இடைவெளியை ரோடு நிரப்பிடுச்சு. பஸ், லாரி, மாட்டு வண்டி. வடசேரி சந்தை, தோவாளை சந்தை எல்லாம் ரோட்டை நம்பி வளந்த சந்தை. கடைங்க இருக்கிறது ரோட்டோரம், ஊரு வளந்தது ரோட்டோரம், ஸ்டேஷன் வந்தப்போ அதுக்கு ஊரோட விளிம்புல தான் இடம்.

1979, 1981: லைன் வந்துச்சு, அகலம் பொருந்தல

1972ல இந்திரா காந்தி வேலையைத் தொடங்கி வச்சாங்க. 1979 ஏப்ரல்ல திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி திறந்துச்சு, 1981 ஏப்ரல்ல நாகர்கோவில் – திருநெல்வேலி. ஆரல்வாய்மொழி இந்த ரெண்டாவது துண்டுல வருது.

இங்க கேஜ்னு ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி தான் கேஜ். மீட்டர் கேஜ்னா 1,000 மில்லிமீட்டர், பிராட் கேஜ்னா 1,676 மில்லிமீட்டர். ஒண்ணுல ஓடுற வண்டி இன்னொண்ணுல ஓடாது, சக்கரமே உக்காராது. கேரளப் பக்கம் 1976க்குள்ள திருவனந்தபுரம் வரைக்கும் பிராட் கேஜ் ஆயிடுச்சு, அதோட நீட்சியாத் தான் குமரி மாவட்ட லைனும் பிராட் கேஜ்ல வந்துச்சு. ஆனா சென்னை எழும்பூர் – மதுரை பாதை அப்போ மீட்டர் கேஜ், அது முழுசா மாறினது 1990கள் கடைசியிலயும் அதை ஒட்டியும் தான்.

இதோட விளைவு என்னன்னா, ரயில் வந்த முதல் பதினைஞ்சு இருபது வருஷம் ஆரல்வாய்மொழிக்கு மெட்ராஸ் பக்கம் நேர் வழி சுலபமா கிடையாது, மேற்க கேரளா வழி தான் பெரிய வழி. 1984ல வந்த ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், பிறகு 2011ல வந்த திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டிலேயே ரொம்ப தூரம் போற வண்டிங்க நம்ம மாவட்டத்துல இருந்து தான் கிளம்புது, ஆனா ரெண்டும் மேற்க திரும்பி திருவனந்தபுரம் வழியாப் போயிடும், கணவாய்ப் பக்கம் வராது. ரயில்வேயோட திருவனந்தபுரம் டிவிஷன் (கோட்டம்) 1979 அக்டோபர் 2ல உருவானப்போ குமரி மாவட்ட லைன் அதுக்குள்ள போனதும் இதே காரணத்தாலன்னு தான் நான் நினைக்கிறேன், பிறகு வந்த திருநெல்வேலி லைனும், ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி, மேலப்பாளையம் வரைக்கும், அதோட ஒட்டிக்கிச்சு. மதுரை டிவிஷன்ல சேக்கணும்னு இப்போ வரைக்கும் கோரிக்கை இருக்கு. அந்தக் கோரிக்கை மொழி உணர்ச்சி மட்டும் இல்ல, எந்த டிவிஷன் வண்டி நேரம் போடுது, எந்த ஸ்டேஷனுக்கு முன்னுரிமை கொடுக்குதுங்கிற நடைமுறை விஷயம்.

விளைஞ்சது ஏன் ரயில்ல ஏறல

என்னைக் கேட்டா மொத்தக் கதையிலயும் முக்கியமான இடம் இது தான், யாரும் அதிகமா பேசாத இடமும் இது தான்.

பழைய காலத்துல ரயில்வேயில ஒரு விவசாயி நாலு மூட்டை கூட புக் பண்ணலாம், வியாபாரி ஒரே ஒரு வேகன் மட்டும் எடுக்கலாம். சின்ன சின்ன ஸ்டேஷன்லயும் கூட்ஸ் ஷெட் இருக்கும், வேகனைக் கழட்டி விட்டுட்டுப் போவாங்க, நிறைச்சு வச்சா அடுத்த வண்டி வந்து கோத்துட்டுப் போகும். தஞ்சாவூர், கோயம்புத்தூர் பக்கம் ரயிலடி ஊர்கள்ல அரிசி ஆலையும் பஞ்சு கிட்டங்கியும் தண்டவாளத்தை ஒட்டி வளந்தது இப்படித்தான். 1980கள்ல ரயில்வே இந்த முறையைக் கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுச்சு, முழு ரேக் தான் வேணும்னு கொள்கை மாறிச்சு. ரேக்னா ஒரு முழு கூட்ஸ் வண்டி, நாப்பது வேகனுக்கு மேல, ரெண்டாயிரம் டன்னுக்கு மேல சரக்கு, ஒரே இடத்துல ஏத்தி ஒரே இடத்துல இறக்கணும்.

இப்போ தேதியைச் சேத்துப் பாருங்க. ஆரல்வாய்மொழிக்கு லைன் வந்தது 1981. சின்ன சரக்கை ரயில்வே கைவிட ஆரம்பிச்சது அதே 80கள். அதாவது விவசாயி வாசல்ல தண்டவாளம் வந்து சேந்த நேரத்துல விவசாயி சரக்குக்கு உள்ள கதவு சாத்தியாச்சு. எந்த பிச்சிப்பூ விவசாயி ரெண்டாயிரம் டன் பூ கொண்டு வருவாரு, எந்த வாழை விவசாயி ஒரே நாள்ல நாப்பது வேகன் ஏத்தன் குலை வெட்டுவாரு?

பூவுக்கு இன்னும் கஷ்டம். பிச்சி மொட்டு விடியறதுக்கு முன்னாடியே பறிச்சு, விடியக்காலமே தோவாளை சந்தைக்கு வந்து சேரணும், அங்க கை மாறி விடிஞ்சதும் வேன்ல ஏறி கேரளா போகணும். ஓணம் சமயத்துல ராயக்கோட்டை, ஓசூர், திண்டுக்கல் பக்கத்து செவ்வந்தியும் ரோஜாவும் கூட இந்தச் சந்தைக்கு வந்து தான் மேற்க போகும். பூவுக்கு மணிக்கணக்கு தான் ஆயுசு. ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டியில கூடை ஏத்த முடியாது, பார்சல் புக் பண்ண பெரிய ஸ்டேஷனுக்குப் போகணும், அதுக்குள்ள வேன் கேரள எல்லையில உள்ள பாறசாலையைத் தாண்டிடும். அதனால பூவியாபாரி ரயிலை வேண்டாம்னு ஒதுக்கல, அவருக்கு ஏத்த மாதிரி ரயில் ஒருநாளும் இருந்தது இல்ல.

எதிர்ப்பக்கம் நடந்ததைப் பாத்தா மனசு கனத்துப் போகும். நாஞ்சில் நாட்டுல வயக்காடு சுருங்கிச்சு, வீட்டு மனை ஆச்சு, தென்னை ஆச்சு, ரப்பரும் வாழையும் லாபம்னு மாறிச்சு. இப்போ நாகர்கோவிலுக்கு கூட்ஸ் வண்டியில வர்ற சரக்குல முக்கியமானது ரேஷன் அரிசி. நெற்களஞ்சியம்னு பேரு வாங்கின மண்ணுல இருந்து ஒரு மூட்டை நெல்லையும் வெளிய கொண்டு போகாத தண்டவாளம், வெளிய இருந்து அரிசியை உள்ள கொண்டு வருது.

டபுள் லைன் என்ன மாத்திச்சு

சிங்கிள் லைன்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒரு வண்டி தான் போக முடியும். எதிர்ல வண்டி வந்தா ஒண்ணு ஏதாவது ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கணும், அந்த ஒதுங்குற தண்டவாளத்துக்கு லூப் லைன்னு பேரு, ஒதுங்குறதுக்கு கிராஸிங்னு பேரு. ஆரல்வாய்மொழிக்கு ரயில்வே கணக்குல இருந்த மதிப்பு பெரும்பாலும் இந்தக் கிராஸிங் ஸ்டேஷன்ங்கிறது தான். டைம் டேபிள்ல ஸ்டாப் இல்லாத வண்டி கூட கிராஸிங்குக்காக நிக்கும், ஊர்க்காரங்க அவசரமா இறங்கிக்குவாங்க.

ரெண்டாவது லைன் வந்ததும் போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு ஆயிடுச்சு. அதனால:

1. கிராஸிங்குக்காக நிக்க வேண்டிய அவசியம் போச்சு. மொத்தப் பயண நேரம் குறையும், தாமதம் குறையும், அது நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் லாபம்.

2. அதே காரணத்தால ஆரல்வாய்மொழியில முன்ன தற்செயலா நின்ன வண்டியும் இப்போ நிக்காம போகும். டபுள் லைன் வந்ததால ஸ்டாப் குறைஞ்ச மாதிரி தெரியுறது இதனால தான், யாரும் திட்டம் போட்டு எடுத்ததா இருக்கணும்னு இல்ல.

3. வண்டி கூடினா ரயில்வே கேட் அடிக்கடி மூடும், கேட்டை எடுத்துட்டு சப்வேயோ மேம்பாலமோ போடுறது தான் ரயில்வேயோட வழி. வயல் ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம் இருக்கிறவங்களுக்கு சப்வேல மழைத்தண்ணி நின்னா டிராக்டரும் அறுப்பு மிஷினும் சுத்திப் போகணும்.

4. தண்டவாள மேடு அகலமாகும்போது அதுக்கு அடியில உள்ள ஓடையும் மடையும் அதே அகலத்துக்கு நீட்டப்படணும். குழாய் சின்னதா இருந்தா ஒரு பக்கம் வெள்ளம் தேங்கும், மறுபக்கம் கடைமடை காயும். சானல் தண்ணியில பொழைக்கிற ஊருக்கு இது ஸ்டாப்பை விடப் பெரிய விஷயம், ஆனா மனு எல்லாம் ஸ்டாப்புக்குத் தான் போகுது.

அப்போ ஸ்டாப் எப்படித் தான் கிடைக்கும்

ஒரு எக்ஸ்பிரஸ் நின்னு கிளம்பணும்னா வேகத்தைக் குறைக்கிறது, நிக்கிறது, திரும்ப வேகம் எடுக்கிறது எல்லாம் சேந்து பல நிமிஷமும் கரண்டும் செலவு. அந்தச் செலவுக்கு மேல அந்த ஸ்டேஷன்ல டிக்கெட் வருமானம் வருதான்னு ரயில்வே பாக்கும். பல இடத்துல முதல்ல சோதனை முறையில சில மாசம் நிறுத்திப் பாத்து, வருமானம் வந்தா நிரந்தரம் ஆக்குவாங்க.

இங்க தான் ஆரல்வாய்மொழி மாட்டிக்குது. வண்டி நிக்காததால ஊர்க்காரங்க பஸ் ஏறி நாகர்கோவில் ஜங்ஷனுக்கோ, கிழக்க வள்ளியூருக்கோ போயி ஏறுறாங்க. டிக்கெட் எடுக்கும்போதும் ஏறுற இடம் நாகர்கோவில்னு தான் போடுறாங்க. கணக்குல ஆரல்வாய்மொழியில ஆளே இல்லன்னு வருது, ஆள் இல்லன்னு ஸ்டாப் கிடைக்கல, ஸ்டாப் இல்லன்னு ஆள் திரும்ப நாகர்கோவில் போகுது. சுமார் 14 கிலோமீட்டர்ல ஒரு பெரிய ஜங்ஷனும், வாசல்லயே பஸ்ஸும் இருக்கிறதால இந்தச் சுத்தல் தானா உடையாது.

அதனால ஸ்டாப் கேக்குறவங்க மனுவோட ரெண்டு கணக்கைச் சேத்துக் கொடுக்கணும். ஒண்ணு, நூற்பாலை, செங்கல் சூளை, காத்தாடி கம்பெனி வேலையாளுங்க, காலேஜ் பிள்ளைங்க, காற்றாடிமலைக்கு வர்றவங்கன்னு நாகர்கோவில்லயும் வள்ளியூர்லயும் இறங்கி ஆரல்வாய்மொழிக்கு வர்ற ஆள் எத்தனைங்கிற கணக்கு. இன்னொண்ணு, இப்போ நிக்கிற பாசஞ்சர் வண்டிகள்ல ஆரல்வாய்மொழி ஸ்டேஷன்லயே எடுத்த டிக்கெட் கணக்கு. பாசஞ்சர்ல டிக்கெட் எடுக்காம ஏறுற ஒவ்வொருத்தரும், நாகர்கோவில் வரைக்கும் தானேன்னு விட்டுடுற ஒவ்வொரு டிக்கெட்டும், எக்ஸ்பிரஸ் ஸ்டாப்புக்கு எதிரா எழுதப்படுற கணக்கு.